எனக்கு மட்டும் பதினாலு

சன்னலோரம் நீங்களே இருங்க தம்பி. எனக்கு வெயில் ஆவாது. அந்தா முன்னால, மூணாவது வரிசையில மஞ்சச் சேலை தெரியுதுல்லா, அதுதான் நம்ம வீட்ல. பேரு மங்கையர்க்கரசி. சீட்டு சேந்து கிடைக்கலையாம். அப்படின்னு அவ சொல்லுதா. டிக்கெட்டு போட்டது அவதான். தள்ளி உக்காந்தா திருநெல்வேலி வரைக்கும் நிம்மதியாத் தூங்கலாம்னு போட்டிருப்பாளோன்னு எனக்கு ஒரு சம்சயம். போட்டும்.

நீங்க என்ன வேலை பாக்கீய? கம்ப்யூட்டரா? அப்ப கடவுளாப் பாத்துதான் உங்களைப் பக்கத்துல உக்கார வச்சிருக்கார். எனக்கு கம்ப்யூட்டர்ல ஒரு சந்தேகம் பாத்துக்கிடுங்க. சந்தேகம்னு சொல்லப்பிடாது, வயித்தெரிச்சல். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள விடை தெரிஞ்சாகணும். ஏன் சாயங்காலம்னு பொறவு சொல்லுதேன்.

எம்பேரு காந்திமதிநாதன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்து ரிட்டயர் ஆனேன். இப்ப மெட்ராசுல, பெருங்களத்தூர் தாண்டி ஒரு அபார்ட்மென்டுல இருக்கோம். பொன்னி கார்டன். பேருதான் கார்டன், ஒரு வேப்பமரமும் நாலு குரோட்டன்சும் நிக்கி. அங்க ஆறு வருசமா நான்தான் செயலாளர். ஆறு வருசம் தம்பி. எதுத்து ஒருத்தர் நின்னது கிடையாது.

நான் வரும்போது எல்லாம் வாட்ஸ்அப்புல ஓடிக்கிட்டிருந்தது. ரோஜாப்பூவும் குட்மார்னிங்குமா வந்து விழும். மோட்டார் ரிப்பேர்னு ஒருத்தர் எழுதுவார், அதுக்கு மேல ரோஜாப்பூ விழுந்து மூடிரும். நான்தான் அதை மாத்தி, நமக்குன்னு ஒரு வெப்சைட்டு வச்சேன். அதுல குழு குழுவாப் பிரிச்சிருக்கு. எல்லாரும் பாக்க பொதுன்னு ஒண்ணு. கமிட்டி ஆளுங்களுக்கு ஒண்ணு. மகளிருக்கு ஒண்ணு. யாரு வேணும்னாலும் புதுசா குழு ஆரம்பிச்சுக்கிடலாம். எந்தக் குழுவுல யாரைச் சேக்கணும்கிறது ஆரம்பிச்சவங்க இஷ்டம். சேத்த ஆளு பாக்கலாம், மத்தவன் பாக்க முடியாது. இந்த ஏற்பாடு நான் சொன்னது. ஜனநாயகம்லா.

பொதுவுல நான் அறிவிப்பு போடுவேன். ‘அறிவிப்பு எண் நாற்பத்தேழு. பால்கனிக் கம்பியில் போர்வை உலர்த்தலாகாது.’ ‘அறிவிப்பு எண் ஐம்பத்திரண்டு. பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை சிறுவர்கள் பந்து ஆடலாகாது.’ மோட்டாரை ஒம்பது மணிக்கு நானே போய் நிறுத்துவேன். தண்ணி மிச்சமாச்சு. எல்லாரும் கட்டுப்பட்டாங்க. ஒரு ஆள் முகம் சுளிச்சது கிடையாது பாத்துக்கிடுங்க.

கஷ்டம் என்னன்னா, எழுதினதைத் தேட முடியல. பிளம்பர் நம்பர் என்னன்னு வாரத்துக்கு ஒருத்தர் கேப்பார். போன வாரம்தான சொல்லியிருக்குன்னு நான் எழுதுவேன். எங்க சொல்லியிருக்குன்னு அவர் கேப்பார். அது எனக்கும் தெரியாது. அப்ப பி பிளாக்குல வாடகைக்கு இருக்கிற ஒரு பிள்ளை, தஸ்லிமான்னு பேரு, வாணியம்பாடிப் பக்கம், உங்களை மாதிரிதான் கம்ப்யூட்டர் வேலை, நான் தேடுறதுக்கு ஒண்ணு செஞ்சு தாரேன் சார்னு வந்துது.

ஏ.பி.ஐ.ன்னு ஒரு வாசல் இருக்காம்லா, உங்களுக்குத் தெரியாததா. அந்த வாசல்ல ஆளுக்குப் பதிலா ப்ரோகிராம் போய் நின்னு கேட்டா, இதுவரைக்கும் யாரு யாரு என்ன எழுதினாங்களோ அம்புட்டையும் அள்ளிக் குடுத்திருமாம். அதை வாங்கித் தேடுற மெஷின்ல போட்டா, ஒரு வார்த்தை தட்டினா போதும், கொட்டும். நல்லாச் செய்யின்னு சொல்லிட்டேன். எல்லாக் குழுவையும் திறக்கிற பெரிய சாவி எங்க பொருளாளர் சின்னச்சாமிகிட்ட இருக்கு. எனக்கு வேண்டாம்னு நானே சொன்னது, பாஸ்வேர்டு மறந்து போவும். அந்தச் சாவியை வாங்கிக் குடுத்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கிளப் ஹவுஸ்ல கூட்டம் போட்டோம். புரொஜக்டர் வச்சு செவுத்துல பெருசாத் தெரியுது. சமோசா, காபி. நான் ரெண்டு வார்த்தை பேசிட்டு, ஏதாவது தேடச் சொல்லுங்கன்னேன். சின்னச்சாமி ‘டாக்டர்’னு போடச் சொன்னார். போட்டா, முதல்ல பல் டாக்டர். ரெண்டாவது நாய் டாக்டர். மூணாவதா ஒண்ணு வந்துது தம்பி. மகளிர் குழுவுல ஒரு பிள்ளை எழுதினது. ‘நேத்தும் இவர் கை நீட்டிட்டார், வெளிய தெரியாம காட்டுறதுக்கு லேடி டாக்டர்...’ அதுக்கு மேல நான் படிக்கல. மேல அந்தப் பிள்ளை பேரு. அவ புருசன் நாலாவது வரிசையில உக்காந்து சமோசா தின்னுக்கிட்டிருக்கான்.

லென்சுல கைய வச்சு மூடிட்டேன். ஒரு கையால மூடிக்கிட்டு, மறு கையால வயரைப் பிடுங்கிட்டு, கரண்டு போச்சுங்கேன். மேல காத்தாடி சுத்திக்கிட்டிருக்கு. கரண்டு போச்சு, கூட்டம் முடிஞ்சுது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னேன். என்னைக் கிறுக்கன்னு நினைச்சிருப்பாங்க. நினைக்கட்டும். அவன் சமோசாவைத்தான் பாத்துக்கிட்டிருந்தான், செவுத்தைப் பாக்கல. அந்தப் பிள்ளை யாருன்னு உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். இப்ப நல்லா இருக்கு. அவன் கூட இல்ல.

தஸ்லிமா அழுதுட்டா. எழுதினதை எல்லாம் பெரிய சாவி போட்டு அள்ளினவ, எதை யாரு பாக்கலாம்கிறதை அள்ளல. நான் கோவப்படல. உக்கார வச்சு எங்க ஆபீஸ் கதையைச் சொன்னேன். நாங்க டெலிபோன் டைரக்டரி அச்சடிக்கும்போது, எம்பேரு போட வேண்டாம்னு சில பேரு எழுதிக் குடுப்பாங்க. அவங்க வீட்ல போன் இருக்கும், மணி அடிக்கும், புஸ்தகத்துல பேரு இருக்காது. நம்பரை மட்டும் எடுத்து இந்தக் குறிப்பை விட்டுட்டு அச்சுக்கு அனுப்பினா என்ன ஆவும்? அதே மாதிரி எஸ்.டி.டி. பூட்டு. பூட்டு போட்ட போன்ல டயல் டோன் ஜம்முன்னு வரும். உள்ளூர்ல பேசலாம். வெளியூர் மட்டும் போவாது. பூட்டு இருக்குன்னே தெரியாத ஆளு, நம்ம போன் நல்லாத்தான இருக்குன்னு நினைப்பான். அப்படி இருக்கணும்மா உன் மெஷின். ஒவ்வொரு எழுத்தோடயும் அதை யாரு பாக்கலாம்னும் சேத்து எடு. ஆளு யாரு, எந்தக் குழுவுல இருக்காரு, அதையும் எடு. பாக்கக் கூடாதவங்களுக்கு, அப்படி ஒண்ணு இருக்குங்கிறதே தெரியக் கூடாது. அப்படின்னேன்.

அந்தப் பிள்ளை அப்படியே செஞ்சுது. இப்ப மெஷின் மணிக்கொருக்க அந்த வாசல்ல போய், புதுசா என்ன எழுதினாங்க, யாரைச் சேத்தாங்க, யாரை எடுத்தாங்கன்னு கேட்டுட்டு வந்திரும். கல்லு மாதிரி வேலை செய்யுது.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வாரேன்.

போன வாரம், திருத்தின மெஷின் வந்த அன்னைக்கு எம்பேரைத் தட்டிப் பாத்தேன். யாரா இருந்தாலும் முதல்ல அவன் பேரைத்தான தட்டுவான். பதினாலு வந்துது. பதினாலும் தங்கம் தம்பி. ‘லிஃப்ட் சரி செய்த செயலாளர் காந்திமதிநாதன் சாருக்கு நன்றி.’ ‘சார் இல்லாவிட்டால் இந்த மழைக்கு நாம் என்ன ஆகியிருப்போம்.’ ஒரு குறை கிடையாது, ஒரு சின்ன முணுமுணுப்பு கிடையாது. இப்படி ஒரு செயலாளர் உலகத்துல உண்டா?

இதை அரசிக்குக் காட்டணும்லா. அவ போன்லயே தட்டிக் காட்டுதேன்னு வாங்கித் தட்டினேன். முன்னூத்திப் பன்னெண்டு. எனக்குப் பதினாலு, அவளுக்கு முன்னூத்திப் பன்னெண்டு. எம்பேருக்கு. படிக்கிறதுக்குள்ள வெடுக்குன்னு போனைப் பிடுங்கிட்டா. “காந்திமதி கோயில் பத்தியும் இதுலதான வரும், அதெல்லாம் சேந்து வந்திருக்கும்”ங்கா. கோயில் பத்தி எவன் முன்னூறு வாட்டி எழுதினான்? சரின்னு சின்னச்சாமிகிட்ட, உங்க போன்ல என் பேரைத் தட்டும்யான்னேன். சார்ஜ் இல்லைன்னார். எதுத்த வீட்டு அனுராதாகிட்ட கேட்டேன். சார்ஜ் இல்ல. வாசல்ல புதுசாக் குடி வந்த பையன், கையில போனை வச்சுப் பாட்டு கேட்டுக்கிட்டிருக்கான், சார்ஜ் இல்ல அங்கிள்ங்கான். நான் உடனே பொதுவுல ஒரு அறிவிப்பு போட்டேன். ‘அறிவிப்பு எண் எழுபத்தொன்று. குடியிருப்பாளர்கள் அவரவர் கைப்பேசியை உரிய நேரத்தில் சார்ஜ் செய்து கொள்ளவும்.’

என்ன தம்பி சிரிக்கீய? புரை ஏறுதா? தண்ணி குடிங்க.

தஸ்லிமாகிட்டயே போயிட்டேன். அம்மா, உன் மெஷின் எனக்கு மட்டும் குறைச்சுக் காட்டுது, ஓட்டை இருக்கு பாருன்னேன். அது தரையைப் பாத்துக்கிட்டு, “மெஷின் சரியாத்தான் இருக்கு சார். நீங்க சொன்னபடியேதான் செஞ்சிருக்கேன்”ன்னுது. நல்ல பிள்ளைதான், ஆனா தப்பை ஒத்துக்கிடாது. இந்தக் காலத்துப் பிள்ளைங்க.

இப்ப சாயங்காலக் கணக்குக்கு வாரேன். ஞாயித்துக்கிழமை தேர்தல். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள பொதுவுல பேரு குடுக்கணும். இந்த வாட்டி எதுத்து யாரோ நிக்கப் போறாங்கன்னு காத்துவாக்குல வருது. அரசி ஒரு மாசமா, நீங்க நிக்க வேண்டாம், நிக்க வேண்டாம்ங்கா. ஏன்னு கேட்டா முட்டு வலிங்கா, ரெண்டு வருசம் முன்னால நெஞ்சுல வச்ச ஸ்டென்டைச் சொல்லுதா. நான் சொன்னேன், பதினாலுக்குப் பதினாலு நன்றி வாங்கினவன் நிக்காம வேற எவன் நிப்பான். இங்க பாருங்க, டைப் பண்ணி ரெடியா வச்சிருக்கேன். அமுக்கினா போதும். ஆனா அந்த முன்னூத்திப் பன்னெண்டு நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்கி. நின்னு தோத்துட்டா? இந்த வயசுல, லிஃப்டுல எல்லார் மூஞ்சியிலயும் முழிச்சு, தோத்தவன்னு இறங்கி நடக்க என்னால முடியாது தம்பி. அந்தச் செயலாளர் வேலையை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? அதான் உங்களைக் கேக்கேன். மெஷின்ல எங்க கோளாறு?

என்ன வெளிய பாக்கீய? ஏரியில தண்ணியே இல்ல, அதுல என்ன பாக்க இருக்கு?

என்னது? அந்தப் பிள்ளைகிட்ட நான் என்ன சொன்னேனா? இப்பத்தான சொன்னேன். டைரக்டரி கதை. எஸ்.டி.டி. பூட்டு. பாக்கக் கூடாதவங்களுக்கு, அப்படி ஒண்ணு இருக்குங்கிறதே...

பஸ்ஸை நிறுத்துதான். ஒரு காபி குடிச்சுட்டு வாரேன். சீட்டைப் பாத்துக்கிடுங்க.

வந்துட்டேன். இந்தாங்க, வாழைக்காய் பஜ்ஜி. அரசி குடுத்து விட்டா. பக்கத்து சீட்டுத் தம்பி காதுக்குக் கூலின்னு சொன்னா. அவளுக்கு நக்கலு சாஸ்தி.

பூட்டு இருந்திருக்கு தம்பி. உள்ளூர் போனை வச்சுக்கிட்டு உலகமே இம்புட்டுத்தான்னு இருந்திருக்கேன். மூணு பேரு வரிசையா சார்ஜ் இல்லைன்னு சொல்லும்போதே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியல. எனக்கு எல்லாரைப் பத்தியும் தெரியும், என்னைப் பத்தித்தான் தெரியாது.

கீழ இறங்கினதும் அவ, இதைக் கொஞ்சம் பிடிங்கன்னு போனை எங்கையில குடுத்துட்டு, மூஞ்சி கழுவப் போயிட்டா. பூட்டாத போன். எம்பேரைத் தட்டினா போதும், முன்னூத்திப் பன்னெண்டும் வந்திரும். தட்டல. எக்ஸ்சேஞ்சுல டெஸ்டிங் டெஸ்க்குல இருந்தவன் நான். ஹெட்போனை மாட்டினா ஊர்ல எந்த வீட்டுப் பேச்சையும் கேக்கலாம். அடுத்த லைன்ல ஒரு நாளும் காது வச்சதில்ல. பொண்டாட்டி லைன்னா மட்டும் வைக்கலாமா? அவ வந்ததும் நேராக் கேட்டேன். நான் இல்லாத குழு ஒண்ணு இருக்கு, அதுல நீ இருக்க, அப்படித்தானன்னேன்.

அவ காபியை ஆத்திக்கிட்டே, “இருக்கு. நான்தான் ஆரம்பிச்சேன்”ன்னா.

காபியைக் கீழ வச்சுட்டேன் பாத்துக்கிடுங்க. சின்னச்சாமின்னா தாங்கிக்கிடுவேன். இவளான்னு இருந்துது. நாப்பது வருசம் ஒரே சட்டியில தின்னவ. காட்டுன்னேன். “பிரஷர் ஏறும்”ன்னா. மாத்திரை போட்டாச்சுன்னேன். பொறவு போனை எடுத்து என்னைச் சேத்துட்டா. என் போன்ல டிங்குன்னு வந்துது. குழுவோட பேரு, ‘ஆன்ட்டிகிட்ட சொல்லுங்க.’

நேரே உள்ள போய்ப் பாக்கலாம்தான். கை வரல. தேடிப் பாத்தா இன்னும் பதினாலுதான் காட்டுது. மெஷின் வாசலுக்குப் போய்க் கேட்டுட்டு வரணும்லா. வரட்டும். அதுவரைக்கும் நான் பதினாலுதான்.

பஜ்ஜி சூடாத்தான இருக்கு?

இருங்க. வந்துட்டு. முன்னூத்தி இருபத்தஞ்சு. போன வாரத்துல இருந்து பதிமூணு ஏறியிருக்கு. சவம், கண்ணாடி எங்க?

முதல் எழுத்து அவளோடது. ரெண்டு வருசம் முன்னால, ஸ்டென்டு வச்சு நான் வீட்டுக்கு வந்த வாரம். ‘அவருக்கு நெஞ்சு சரியில்லை. பொதுவில் அவரைத் திட்டி யாராவது எழுதினால் படித்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்துவிடுவார். கோபம் இருந்தால் எல்லாரும் என்னிடம் இங்கே சொல்லுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.’

பாத்துக்கிட்டிருக்கா தம்பி. மோட்டாரை நான் ஒம்பதுக்கு நிறுத்திட்டு வாக்கிங் போனதும், இவ போய்ப் போட்டிருக்கா. மாத்துச் சாவி செஞ்சு வச்சிருக்கா. பையன்களுக்கு, ‘அவர் மூன்று மணிக்குத் தூங்கிவிடுவார், பின்பக்கம் ஆடுங்கள், ஜன்னலை உடைக்காதீர்கள்.’ போர்வையை மொட்டை மாடியில காயப்போடுங்க, அவருக்கு முட்டு வலி, மேல வர மாட்டார். எனக்கு ஒரு பேரு வச்சிருக்கான்க. ‘எஸ்.டி.டி. பூத்.’ பூத் இன்னைக்கு எத்தனை மணிக்கு வெளிய போகும் ஆன்ட்டின்னு கேக்கான், அந்தச் சார்ஜ் இல்லாத பையன். அதுக்கு இவ, ‘பூத் ஐந்து மணிக்கு.’ கட்டினவ சொல்லுத சொல்லா இது.

இதைக் கேளுங்க. போன வருசம் எழுதியிருக்கா. ‘நாளை அவருக்கு நெஞ்சில் எக்கோ எடுக்கப் போகிறோம். பயந்துபோய் இருக்கிறார், சொல்ல மாட்டார். பொதுவில் யாராவது நல்லதாக இரண்டு வரி எழுதுங்கள். பொய் வேண்டாம். லிஃப்டுக்கு அலைந்தது நிஜம்தானே.’

அதுக்கு அப்புறம்தான் அந்த லிஃப்ட் நன்றி. மழை நன்றியும் அப்படித்தான் இருக்கும். பதினாலும் அப்படித்தான் இருக்கும். நான் அதைத் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. இவ அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்திருக்கா.

ஒண்ணுமில்ல. வெங்காய பஜ்ஜி போல, கண்ணு எரியுது. வாழைக்காயா? சரி, வாழைக்காய்தான்.

கடைசில ஒண்ணு இருக்கு. யாரு எழுதினதுன்னு சொல்ல மாட்டேன், அந்த லென்சு விவகாரத்துல சம்பந்தப்பட்ட பிள்ளை. எல்லாரும் சேந்து என்னைக் கிழிச்சுக்கிட்டிருக்கிற இடத்துல வந்து எழுதியிருக்கு. ‘அவர் இன்னும் நூறு அறிவிப்பு போடட்டும். அன்றைக்குக் கரண்டு போச்சு என்று அவர் பொய் சொன்னார். எனக்கு அது போதும்.’ இதை யாரும் எழுதச் சொல்லல பாத்துக்கிடுங்க. நான் பாக்க மாட்டேன்னு நினைச்சு எழுதினது. பதினாலும் போகட்டும், இது ஒண்ணு எனக்கு.

அன்னைக்கு சின்னச்சாமி டாக்டர்னு போடாம எம்பேரைப் போடச் சொல்லியிருந்தா, செவுத்துல பெருசா வந்திருக்கும். என் லென்சை யாரு மூடியிருப்பா? அரசி மூடியிருப்பா. அவதான் ரெண்டு வருசமா மூடிக்கிட்டிருக்காள்ல.

மணி என்ன ஆச்சு? அஞ்சேகாலா. நல்லது. ஆறு ஆகல.

நான் நிக்கல தம்பி. ரெண்டு வருசமா செயலாளர் வேலை பாத்தது யாருன்னு இப்ப தெரிஞ்சு போச்சு. பேரு குடுக்கிறதை நேத்தே டைப் பண்ணி வச்சிருந்தேன்லா, அதுல பேரை மட்டும் மாத்தினேன். ‘அறிவிப்பு எண் எழுபத்திரண்டு. செயலாளர் பதவிக்குத் திருமதி மங்கையர்க்கரசி அவர்களின் பெயரை முன்மொழிகிறேன்.’ அமுக்கிட்டேன். போயாச்சு. எதுத்து யாரு நின்னாலும் டெபாசிட்டு காலி.

அவகிட்ட அனுமதி வாங்கினீங்களான்னு கேக்கீயளா? நல்லாக் கேட்டிய. கேட்டா மாட்டேன்னுல்லா சொல்லுவா.

அந்தா, போனை எடுத்துப் பாக்கா. திரும்புதா. எந்திரிச்சுட்டா தம்பி, இங்கதான் வாரா. நான் கண்ணை மூடிக்கிடுதேன். கேட்டா, இப்பத்தான் தூங்கினார்னு சொல்லுங்க.